ஏலமலையின் ஜீப்பும் வீட்டு முற்றத்துப் பட்டறையும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே தெரியும் மலைவிளிம்பை ஒட்டி, இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில் அமைந்துள்ளது சக்குபள்ளம். அணக்கரை, செல்லார்கோவில் எனச் சிற்றூர்கள் ஏலத்தோட்டங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் நிலம் இது. செல்லார்கோவில் விளிம்பில் நின்றால் கீழே தமிழ்நாட்டின் வயல்களும் தென்னந்தோப்புகளும் தட்டில் பரப்பிவைத்தாற்போலத் தெரியும். இப்பகுதியின் வீட்டு முற்றங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகள் கடந்த ஜீப்புகள் நிற்பதை வெளியூரிலிருந்து வருவோர் அழகுணர்ச்சியோடு படமெடுத்துச் செல்கின்றனர். அவை ஏன் இன்னும் ஓடுகின்றன, யார் கையால் ஓடுகின்றன என்ற கேள்வி மட்டும் அரிதாகவே எழுப்பப்படுகிறது. பழைய வாகனத்தை வீட்டிலேயே கழுவி, பழுது நீக்கி, காலத்துக்கேற்ப மேம்படுத்திவரும் பழக்கத்திற்கு ஏலமலையில் ஒரு வரலாறு உண்டு. அதை மரபுப்பற்று, வண்டிப்பித்து ஆகிய சொற்களால் விளக்கிவிட முடியாது. நிலவுடைமை, தொழிலாளர் குடியிருப்பு, பருவமழை, எரிபொருள் விலை ஆகிய நான்கின் வரலாறும் அதனுள் பின்னிக் கிடக்கிறது.

தொழில்நுட்ப வரலாறு நீண்ட காலம் கண்டுபிடிப்பின் வரலாறாகவே எழுதப்பட்டது. டேவிட் எட்ஜெர்டன் 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' நூலில் இந்தப் போக்கைக் கேள்விக்குள்ளாக்கி, பயன்பாடும் பராமரிப்பும் வரலாற்றின் மையத்திற்கு வரவேண்டும் என்று வாதிட்டார். இந்தியச் சூழலில் டேவிட் ஆர்னால்டு மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றை முன்வைத்து 2013-இல் அன்றாடத் தொழில்நுட்பம் குறித்த நூலை வெளியிட்டார். அவ்வரிசையில் ஜீப்புக்கு இடமில்லை. படைக்கலமாகப் பிறந்து அரசு அதிகாரியின் வாகனமாக வளர்ந்த ஒன்றை 'அன்றாடப் பொருள்' என்று கருதுவதில் ஒரு தயக்கம் இருந்திருக்கலாம். ஏலமலையில் அத்தயக்கத்திற்கு இடமில்லை. கூலியாளையும் உரமூட்டையையும் பிரசவ வலி கண்ட பெண்ணையும் சுமந்தது ஒரே வண்டிதான்.

ஜீப்பின் பிறப்பு எல்லோரும் அறிந்தது. 1940-இல் அமெரிக்கப் படைத்துறை ஓர் இலகுரக நாற்சக்கர இயக்க வாகனத்திற்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. அமெரிக்கன் பேன்டம் நிறுவனத்திற்காக கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்த வடிவமே மூலம் என்றாலும், பெருமளவு உற்பத்தி வில்லிஸ்-ஓவர்லேண்டுக்கும் ஃபோர்டுக்கும் சென்றது. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. பராமரிப்பு வரலாற்றை எழுத விரும்புவோர் இந்த எண்ணிக்கையைக் கடந்து மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் படையில் வாகனப் பராமரிப்பு படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதற்படி ஓட்டுநருடையது: கழுவுதல், எண்ணெயும் மசகும் இடுதல், நட்டுகளை இறுக்குதல், கசிவு பார்த்தல், காற்றழுத்தம் பார்த்தல். 1944-இல் அமெரிக்கப் போர்த்துறை வெளியிட்ட டிஎம் 9-803 என்னும் கையேடு, வண்டியைத் துடைப்பதையும் ஓட்டுநரின் கடமையாகவே வைத்துப் பேசுகிறது. பட்டறைக்கு வெளியே, பயிற்சி குறைந்த கைகளால், கைக்கெட்டும் கருவிகளால் பராமரிக்கப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இவ்வாகனத்தின் அமைப்பிலேயே இருந்தது. தட்டையான தகடுகளும் வெளியில் தெரியும் திருகாணிகளும் எளிதில் எட்டும் இயந்திர அறையும் அதன் விளைவுகள். போர்க்களத்திற்கென்று ஏற்பட்ட இந்த ஏற்பாடு, பட்டறையே இல்லாத மலைத்தோட்டத்திற்கு அப்படியே பொருந்தியது.

போருக்குப்பின் உபரியாகிய வாகனங்கள் இந்தியாவில் 'டிஸ்போசல்ஸ்' விற்பனை வழியாகத் தனியார் கைகளுக்கு வந்தன. தென்னிந்தியத் தோட்டப் பகுதிகளையும் அவை எட்டின. ஏலத்தில் எடுத்த வண்டி ஏலத்துக்கே வந்து சேர்ந்தது என்று தமிழில் சிலேடையாகச் சொல்லலாம். பழுதுநீக்கிய பழைய ஜீப் என்ற பண்டம் சுதந்திர இந்தியாவின் முதல் பெரும் ஊழல் குற்றச்சாட்டுக்கும் காரணமாயிற்று. காஷ்மீர்ப் போரை முன்னிட்டு 1948-இல் லண்டனிலிருந்த இந்தியத் தூதர் வி.கே. கிருஷ்ண மேனன் புதுக்கப்பட்ட 2,000 ஜீப்புகளுக்கு ஒப்பந்தம் செய்தார். வந்து சேர்ந்தவை 155. அவையும் பயன்பாட்டுக்குத் தகுதியற்றவை என்று கண்டறியப்பட்டது. 1955-இல் அரசு இவ்விவகாரத்தை முடித்துவைத்தது. அரசியல் வரலாறு இதை ஊழல் கதையாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. 'புதுக்கப்பட்டது' என்ற சொல்லுக்கு யார் பொறுப்பு, ஒரு வண்டி ஓடத் தகுதியானது என்பதை எந்த அளவுகோல் தீர்மானிக்கிறது என்னும் கேள்விகளும் அக்கதைக்குள் உண்டு. அவை எழுபது ஆண்டுகள் கழித்து இடுக்கியின் முற்றங்களுக்கு வேறு உருவில் திரும்பிவந்தன.

மகிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் வாகனங்களைப் பிரித்த பாகங்களாக இறக்குமதி செய்து, 1949-இல் பம்பாய் மசகானில் ஜீப்பை உருவாக்கியது. 1954 முதல் சிஜே-3பி என்னும் வகையைப் படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் தொடங்கியது. வால்வு அமைப்பு மாறி உயரமாகிவிட்ட 'ஹரிகேன்' எஞ்சினுக்கு இடம்கொடுக்கவே இவ்வகையின் முன்மூடி தூக்கலாக அமைந்தது. உயர்ந்த நெற்றி கொண்ட அந்த முகமே பல பத்தாண்டுகளுக்கு இந்தியாவில் ஜீப்பின் முகமாக இருந்தது.

ஏலமலையில் ஜீப் நிலைபெற்றதற்கான காரணத்தைத் தேயிலைமலையோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். மூணாறுத் தேயிலைத் தோட்டங்கள் பெருநிறுவனங்களுடையவை. பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குச் செல்ல வேண்டும். ஆகவே ஆலை, பாதை, வாகனம், பட்டறை, லயம் அனைத்தும் நிறுவனத்தின் பொறுப்பில் அமைந்தன. 1924 வெள்ளத்தில் அழியும்வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலைக்கென்று ஒரு ரயில் பாதையே இருந்தது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் போடிநாயக்கனூர்ப் பக்கம் இறங்கின. ஏலத்தின் கதை வேறு. 1896-இல் திருவிதாங்கூர் அரசின் ஏல வாணிப முற்றுரிமை நீங்கியபின், சிறு, நடுத்தர உடைமைகளாகவே பெரும்பாலான தோட்டங்கள் பரவின. பச்சைக் காயைத் தோட்டத்து 'ஸ்டோரில்' உலர்த்திவிட்டால் அவசரமில்லை, மூட்டை காத்திருக்கும். பெரிய ஆலை தேவைப்படாத பயிருக்குப் பெரிய நிறுவனமும் தேவைப்படவில்லை. நிறுவனம் இல்லாத இடத்தில் நிறுவனப் பட்டறையும் இல்லை. தோட்டக்காரரின் வீட்டு முற்றமே பட்டறையாயிற்று.

தொழிலாளர் குடியிருப்பிலும் இதே வேறுபாடு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காபி, ரப்பர், சின்கோனா தோட்டங்களின் உரிமையாளர்மீது வீட்டுவசதிக் கடமையைச் சுமத்தியது. ஏலம் அப்பட்டியலில் பெயர்சொல்லிச் சேர்க்கப்பட்டது 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அதுவும் 5 ஹெக்டேருக்கும் 15 தொழிலாளருக்கும் குறையாத தோட்டங்களுக்கு. வரம்புக்குக் கீழே நின்ற எண்ணற்ற சிறுதோட்டங்களுக்கு லயம் கட்டவேண்டிய கடமை இல்லை. ஆள் வேண்டும், ஆனால் ஆள் தங்க வீடு வேண்டாம். இந்தக் கணக்கை நேர்செய்தது ஜீப். கம்பம், கூடலூர், தேவாரம், போடி முதலிய இடங்களிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழிகளில் மலையேறி, மாலையில் இறங்கும் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளரில் பெண்களே மிகுதி. லயத்துக்கு ஆகியிருக்க வேண்டிய செலவை அவர்கள் தங்கள் உறக்க நேரத்தால் செலுத்துகிறார்கள் என்று கூறுவது மிகையன்று. ஜீப்பைத் தோட்டக்காரரின் சொத்தாக மட்டும் பார்க்கும் வரலாறு இப்பயணிகளை விட்டுவிடுகிறது. அதன் பிரேக் யாருடைய உயிரைத் தாங்குகிறது என்ற கேள்வியும் அவர்களோடு விடுபட்டுப்போகிறது.

பராமரிப்பின் நாட்காட்டியைப் பயிரே வகுத்தது. ஏலக்காய் அறுவடை தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தொடங்கி, ஒரு மாதம் அல்லது ஒன்றரை மாத இடைவெளியில் சுற்றுச்சுற்றாகக் காய் எடுத்து, ஏறத்தாழ பிப்ரவரிவரை நீள்கிறது. அதாவது பாதை மிக மோசமாக இருக்கும் மாதங்களிலேயே வண்டிக்கு மிகுந்த வேலை. மழைக்காலச் செம்மண் சேற்றில் ஏறுவதற்குச் சக்கரங்களில் இரும்புச் சங்கிலி கட்டும் வழக்கம் இடுக்கியில் இன்றும் உண்டு. மழையோ அறுவடையோ நெருக்காத மார்ச் முதல் மே வரையிலான இடைவெளியே வண்டியைப் பிரித்துப் போடுவதற்கு உகந்த காலம். தமிழ் மெக்கானிக்குகள் 'ஓவராயில்' என்று உச்சரிக்கும் முழுச் சீரமைப்பு, வண்டியின் வயதைவிட இப்பருவத்தின் வரவையே பெரிதும் பொறுத்தது.

கழுவுதல் என்பது இங்கு அலங்காரம் அன்று. வண்டிக்கு அடியில் ஒட்டிக் காய்ந்த சேறு ஈரத்தைப் பிடித்துவைக்கிறது; அடிச்சட்டமும் தரைத்தகடும் உள்ளிருந்து துருவேறுகின்றன. எனவே மேலே பளபளப்பதைவிட அடியில் சேறின்றி இருப்பதே கவனமான உடைமையாளரின் அடையாளம். ஓடையோரம் வண்டியை நிறுத்திக் கழுவுவது பழைய வழக்கம். அவ்வாறு ஓடையில் கலந்த எண்ணெய்ப் பிசுக்கின் சூழலியல் கணக்கையும் எழுதியே ஆக வேண்டும். மாற்றிய எஞ்சின் எண்ணெயை வீணாக்காமல் வில் பட்டைகளுக்கும் அடிச்சட்டத்திற்கும் பூசிவிடுவதும் இதே வகையான சிக்கனம். துரு தடுக்கப்படும், மண்ணும் நீரும் மாசுறும். பழமையான அறிவு என்பதற்காக அதைப் போற்றத் தேவையில்லை.

தமிழில் வாகன உதவியாளருக்கு வழங்கும் பெயர் இவ்விடத்தில் கவனத்திற்குரியது. 'கிளீனர்' என்றே அவர் அழைக்கப்படுகிறார். ஆனால் அவர் செய்வது துடைக்கும் வேலை மட்டுமன்று. பஞ்சர் பார்ப்பதும், பின்னால் நின்று ஓட்டுநருக்குக் குரல்கொடுப்பதும், கிரீஸ் அடிப்பதும், சுமை ஏற்றிக் கட்டுவதும் அவர் கடமை. கழுவுவதில் தொடங்கித்தான் ஒருவர் வண்டியைக் கற்கிறார் என்ற தொழில்மரபை இப்பெயர் பாதுகாத்து வைத்திருக்கிறது. கழுவும் கைதான் முதலில் கசிவைக் காண்கிறது, தளர்ந்த நட்டை உணர்கிறது, வில் பட்டையின் விரிசலில் படிந்த துருக்கோட்டைப் பார்க்கிறது. படைத்துறைக் கையேடு முதற்படி என்று வகுத்ததையே தமிழ்நாட்டுச் சாலை 'கிளீனர்' என்று பெயரிட்டது.

பழுதுநீக்கத்தின் உள்விவரங்களுக்குள் சிறிது நுழைய வேண்டும். வீட்டில் எது இயலும், எது இயலாது என்ற எல்லைக்கோடு அங்கேதான் தெரிகிறது. ஆழமான நீரைக் கடந்த வண்டியின் அச்சுப்பெட்டிக்குள் நீர் புகுந்துவிட்டால் கியர் எண்ணெய் பால்போல வெளுத்துவிடும். வடிகால் திருகாணியைச் சற்றே தளர்த்தி முதலில் சொட்டுவதைப் பார்ப்பது எந்தக் கருவியும் வேண்டாத சோதனை. முன்சக்கரத் திருப்பக் குமிழிலுள்ள கிங்பின் தாங்கிகள் தேய்ந்தால் குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் வெறிகொண்டாற்போல் ஆடத் தொடங்கும். மெல்லிய ஷிம் தகடுகளில் ஒன்றிரண்டை நீக்கி இறுக்கத்தை மீட்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. தாங்கியே சிதைந்திருந்தால் ஷிம் எதற்கும் உதவாது. பழைய ஜீப்பின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். அது நனைந்தால் பிடிக்காது. சேறு புகுந்தால் லைனிங்கும் டிரம்மும் சேர்ந்து அரைபடும். ஒரே திரவ இணைப்பில் நான்கு சக்கரங்களும் இயங்கிய பழைய வகைகளில் ஒரு குழாய் கசிந்தால் பிரேக் முழுவதுமே போய்விடும். கொண்டையூசி வளைவுகளில் முழுச் சுமையோடு இறங்கும் வண்டிக்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை நீக்குவதை மெக்கானிக்குகள் 'ஏர் எடுத்தல்' என்பர். ஒருவர் இருக்கையில் அமர்ந்து மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். தனியாளால் எளிதில் ஆகாது. பட்டறையில் அந்த இரண்டாம் கால் கூலிக்காரருடையது. வீட்டிலோ மனைவியுடையது அல்லது பிள்ளையுடையது. 'வண்டிவேலை ஆண்களின் உலகம்' என்ற பொதுக்கருத்துக்கு முற்றத்துப் பட்டறை அளிக்கும் மிகச் சிறிய மறுப்பு இது. ஊதியமோ பெயரோ இல்லாத இவ்வுழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

வீட்டு வேலைக்கு எல்லை உண்டு. கிராங்க் தண்டு அரைப்பதும் சிலிண்டர் துளைப்பதும் லேத் பட்டறைக்கே போக வேண்டியவை. டீசல் பம்பின் அளவீடு அதற்குரிய சோதனை மேடையில்தான் ஆகும். துருவரித்த தரைத்தகட்டை வெட்டி எறிந்து புதிய தகடு ஒட்டும் டிங்கர் வேலைக்கும் எரிவாயுப் பற்றவைப்புக்கும் தனிக் கைகள் வேண்டும். ஆகவே 'வீட்டில் செய்தல்' என்பதை முழுத் தன்னிறைவு என்று புரிந்துகொள்வது தவறு. வண்டியை வீட்டில் பிரித்து, எஞ்சினை மட்டும் மற்றொரு வாடகை ஜீப்பில் ஏற்றிக் கட்டப்பனைக்கோ கம்பத்துக்கோ அனுப்பி, திரும்பி வந்ததை வீட்டில் பூட்டும் கலப்பு முறையே நடைமுறைக்கு நெருக்கமானது. அரிய பாகத்தைத் தேடி மலையிறங்குவோருக்குச் சென்னைப் புதுப்பேட்டைபோன்ற பழைய உதிரிபாகச் சந்தைகள் இருக்கின்றன. எல்லை தாண்டும் இந்தப் பாகங்களின் போக்குவரத்து, எல்லை தாண்டும் கூலியாட்களின் போக்குவரத்தைப்போலவே இருமொழிப்பட்டது. மலையாளம் பேசும் உடைமையாளரும் தமிழ் பேசும் மெக்கானிக்கும் சந்திக்கும்போது சிக்கல் எழுவதில்லை. 'பேரிங்', 'புஷ்', 'ஆக்சில்', 'பிளே' என்று இருவரும் பேசுவது மூன்றாவது மொழியொன்றை.

மேம்படுத்தலின் வரலாறு டீசலின் வரலாறு. போர்க்கால ஜீப்பின் 60 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சினும் அதன்பின் வந்த ஹரிகேனும் மேடேறுவதில் குறைவைக்கவில்லை. எரிபொருளைக் குடிப்பதிலும் குறைவைக்கவில்லை. 1973-இல் தொடங்கிய உலக எண்ணெய் விலையேற்றத்திற்குப்பின் பெட்ரோல் ஜீப்பை நாள்தோறும் இருவேளை மலையேற்றுவது கட்டுபடியாகவில்லை. இந்தியாவில் டீசலின் விலை பெட்ரோலைவிடத் தொடர்ந்து குறைவாக இருந்தது. மகிந்திரா தன் ஜீப்புக்கு முதலில் பி-275 டிராக்டரின் உறவுள்ள டீசல் எஞ்சினைப் பொருத்தியது. 1979-இல் பிரான்ஸின் பியூஜோ நிறுவனத்திடம் எக்ஸ்டிபி 4.90 எஞ்சினுக்கு உரிமம் பெற்றது. அப்பெயரிலுள்ள 4 சிலிண்டர்களின் எண்ணிக்கை. 90 மில்லிமீட்டர் கணக்கில் அவற்றின் விட்டம். 1980-களில் வந்த எம்எம்540 இதனைத் தாங்கியே எங்கும் பரவியது. பட்டறை வழக்கில் 'டிபி எஞ்சின்' என்று பெயர் பெற்ற இது, புதிய வண்டிகளில் மட்டும் இடம்பெறவில்லை. பழைய பெட்ரோல் ஜீப்புகளின் வயிற்றிலும் குடியேறியது. பின்னர் வந்த 2.5 லிட்டர் நேரடி உட்செலுத்து எஞ்சினும் அவ்வாறே.

எஞ்சினை மாற்றுவது ஒரு பாகத்தை மாற்றுவதோடு முடிவதில்லை. டீசல் எஞ்சின் கனமானது. முன் வில் பட்டைகள் அமிழ்ந்துவிடும். அதிர்வு மிகுதி, அடிச்சட்டத்தின் பற்றவைப்புகள் விரிசலிடும். மூன்று கியர்ப்பெட்டி போதாது. நான்கு கியர்ப்பெட்டி வேண்டும். அது நீளமானால் இயக்கத்தண்டைக் குறுக்க வேண்டும். 6 வோல்ட் மின்னமைப்பு டீசலைச் சுழற்றித் தொடங்கப் போதாது; 12 வோல்ட்டும், டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரும் வந்து சேரும். அதிகரித்த எடையையும் வேகத்தையும் நிறுத்தப் பழைய பிரேக் போதாது. ஒன்றை மேம்படுத்தினால் மற்றொன்று பலவீனமாகி, அதை மேம்படுத்தினால் மூன்றாவது வெளிப்படும் இச்சங்கிலியை அறிந்து செய்தவரும் உண்டு. எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டுப் பிரேக்கை அப்படியே விட்டவரும் உண்டு. முற்றத்துப் பட்டறையைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகள் இந்த இரண்டாமவரைக் குறிப்பிடுவதில்லை. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் மலைப்பாதையில் கவிழ்ந்த செய்திகள் எல்லைப்புற நாளிதழ் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. செலவு செய்து சேர்த்த எஞ்சின் வலிமை வாடகை வருமானத்தைக் கூட்டியது. பிரேக்குக்கான செலவு எதையும் கூட்டவில்லை. இரண்டில் எது தள்ளிப்போடப்படும் என்பதைப் பொருளாதாரமே பெரும்பாலும் முடிவுசெய்தது.

1991-இல் மகிந்திராவின் கமாண்டர் வகை வந்தபின் பயணிகளை ஏற்றும் வேலை நீண்ட உடல் கொண்ட வண்டிகளுக்குச் சென்றது. எதிரெதிர்ப் பலகை இருக்கைகள் கொண்ட அவ்வண்டிகளே எல்லைப் பாதைகளில் தொழிலாளர் வாகனமாக நிலைத்தன. 2010-இல் தார் வந்தபோது ஜீப் மத்தியதர வர்க்கத்தின் பொழுதுபோக்கு வாகனமாக மறுபிறப்பு எடுத்தது. அதுமுதல் ஒரே தோற்றமுடைய வண்டி இரண்டு பொருளாதாரங்களில் வாழ்கிறது.

சட்டம் இக்கதையில் தாமதமாகவே நுழைகிறது. ஆனால் நுழைந்தபின் விலகவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தொடக்கத்தில், மாற்றம் செய்ய விரும்புவோர் பதிவு அதிகாரிக்கு அறிவித்து ஒப்புதல் பெறவேண்டும் என்ற அளவில் நின்றது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் அளவுகோலையே மாற்றியது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றோடு முரண்படும் வகையில் எந்த மாற்றமும் கூடாது என்று அது கூறியது. எரிபொருள் வகை மாற்றமும் முன் ஒப்புதலோடு கூடிய எஞ்சின் மாற்றமும் விதிவிலக்குகளாக நின்றன. இப்பிரிவுக்கான தளர்வான விளக்கம் ஒன்று கேரள உயர் நீதிமன்றத்தில் உருவாயிற்று. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜெயச்சந்திரா வழக்கில் அதை நீக்கியது. வழக்கு கேரளத்திலிருந்து எழுந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. மாற்றியமைத்த வண்டிகளின் அடர்த்தியும் அவற்றைச் சோதிக்கும் போக்குவரத்துத் துறையின் தீவிரமும் அங்கே ஒருங்கே இருந்தன.

பாதுகாப்பு என்ற நோக்கில் இத்தீர்ப்பை எதிர்ப்பது எளிதன்று. எனினும் 'உற்பத்தியாளர் குறித்த நிலை' என்ற அளவுகோல் 1960-களின் சிஜே-3பி ஒன்றுக்கு எதைக் குறிக்கும்? டிரம் பிரேக்கையும் ஒற்றைத் திரவ இணைப்பையும் பவர் ஸ்டியரிங் இல்லாத திருப்பத்தையும். அவற்றைவிட மேலான ஒன்றைப் பொருத்துவதும், அலங்காரத்திற்காகப் பெருஞ்சக்கரம் பொருத்துவதும் சட்டத்தின் பார்வையில் 'மாற்றம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. தொழிலாளரை ஏற்றும் கிழட்டு வண்டிக்குத் தேவையான மாற்றத்தை, பொழுதுபோக்கு வண்டியின் ஆடம்பர மாற்றத்திலிருந்து பிரித்தறியும் நுண்மை அதற்கு இல்லை. பதினைந்து ஆண்டு கடந்த தனியார் வாகனத்தின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமும் 2022 ஏப்ரல் முதல் கார் வகைக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. முற்றத்தில் நிற்கும் வண்டியைப் புதுப்பிக்காமலே விட்டுவிடத் தூண்டும் காரணம் ஒன்று கூடியது. பதிவு காலாவதியான வண்டிக்குக் காப்பீடும் சிக்கல். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியவர்கள் பின்பலகையில் அமர்ந்திருந்தோரே.

எல்லையே மூடப்பட்ட நாட்களும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தின்போதும், 2020-இல் பெருந்தொற்று ஊரடங்கின்போதும் மலைப்பாதைச் சாவடிகள் அடைக்கப்பட்டன. தொழிலாளர் ஜீப்புகள் இருபுறமும் நின்றுபோயின. ஓடாத வண்டி ஓய்வெடுப்பதில்லை. மின்கலம் இறங்கும், வீல் சிலிண்டர் இறுகும், டீசல் தொட்டியின் அடியில் நீர் சேரும். ஓடிக்கொண்டிருப்பதே பராமரிப்பின் ஒரு பகுதி என்பதை அம்மாதங்கள் உணர்த்தின.

இப்போது பழைய ஜீப்புகளைத் தேடி ஏலமலைக்கு வருவோர் சேகரிப்பாளர்கள். அவர்களுக்கு வேண்டியது 'அசல்'. டீசல் எஞ்சினை இறக்கி, பழைய பெட்ரோல் எஞ்சினைத் தேடிப்பிடித்துப் பூட்டி, ஒட்டுத்தகடுகளை நீக்கி, படைப்பச்சை வண்ணம் பூசினால் விலை ஏறுகிறது. அருங்காட்சியக நோக்கில் இது மீட்பு. சமூக வரலாற்று நோக்கில் அழிப்பும்கூட. நாற்பது ஆண்டுக்கால மலைவாழ்வின் சான்றுகள் அத்தனையும் 'அசல் அல்லாதவை' என்று சுரண்டி எறியப்படுகின்றன. தரைத்தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இட்ட மூன்று ஒட்டுகள், மூன்று மழைக்காலங்களின் சேற்றையும் மூன்று டிங்கர்களின் கைப்பாங்கையும் காட்டக்கூடியவை. பின்பலகையின் விளிம்பு தேய்ந்திருக்கும் விதம் அங்கே நாள்தோறும் கைபற்றி ஏறியவர்களின் உயரத்தைச் சொல்லக்கூடியது.

ஆவணத்திலும் இதே இழப்பு நிகழ்கிறது. பழைய ஆர்.சி. புத்தகம் உண்மையிலேயே ஒரு புத்தகமாக இருந்தது. உடைமை மாற்றத்திற்கும், கடன் ஒப்பந்தத்திற்கும், எஞ்சின் மாற்றத்திற்கும் அதில் தனித்தனிப் பக்கங்கள். கோட்டயத்தில் பதிவாகி, இடுக்கி மாவட்டம் 1972-இல் பிறந்தபின் அங்கு வந்து, மூன்று கைகள் மாறி, பெட்ரோல் டீசலாகிய ஒரு வண்டியின் வாழ்க்கை, முத்திரைகளும் சாய்வெழுத்துக் கையொப்பங்களுமாக அதில் கிடக்கும். இகோர் கோபிடாஃப் 1986-இல் பொருள்களின் வாழ்க்கை வரலாறு குறித்து எழுதியபோது, ஆப்பிரிக்காவில் ஒரு காரின் வாழ்க்கையை ஆராய்ந்தால் எத்தனை சமூகத் தரவுகள் கிடைக்கும் என்று காட்டினார். அத்தகைய வாழ்க்கை வரலாற்றை எழுதத் தேவையான தரவு இப்புத்தகத்தில் ஏற்கெனவே வரிசைப்படுத்தப்பட்டிருந்தது. அதன் இடத்தில் வந்த அட்டையில் இன்றைய நிலை மட்டுமே அச்சாகிறது: இன்றைய உடைமையாளர், இன்றைய எரிபொருள், இன்றைய எஞ்சின் எண். பழைய புத்தகங்கள் பதிவு அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டோ, வீட்டு அலமாரிகளில் கரையானுக்கு இரையாகியோ மறைந்துவருகின்றன. தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் ஆய்வுசெய்ய வரும் மாணவர்கள் வழக்கமாக மஸ்டர் ரோலையும் தொழிற்சங்கத் துண்டறிக்கையையும் தேடுவர். சக்குபள்ளத்தில் வீடு வீடாகச் செல்வோர் அவற்றோடு அந்தப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் படியெடுக்கலாம். பெரும்பாலும் அது வண்டியின் முன்பெட்டியில், காலாவதியான காப்பீட்டுத் தாள்களுக்கும் ஒரு கிரீஸ் படிந்த துணிக்கும் அடியில் இருக்கும்.